சேவை: கடமையா, கட்டாயமா?

கணக்கில் நூற்றுக்கு நூறு. அறிவியலில் நூற்றுக்கு நூறு. ஆனாலும் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடையாது! என்ன குற்றம் செய்தான் அந்த மாணவன்? காப்பி அடித்தானா? ஆசிரியரை எதிர்த்துப் பேசினானா? இல்லை. படித்த ஆண்டுகளில் ஊருக்காக ஒரு வேலையும் செய்யவில்லை. அவ்வளவுதான்!

இப்படி ஒரு சட்டம் நம் ஊரில் வந்தால் எத்தனை பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள் என்று கற்பனை செய்து பாருங்கள். "என் பிள்ளையைப் படிக்க அனுப்பினேனா, ஊழியம் செய்ய அனுப்பினேனா?" என்று கேட்பார்கள். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இது கற்பனை அல்ல, நடைமுறை. பெற்றோர்கள் கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுதான்.

அமெரிக்காவில் நடப்பது நமக்கு எதற்கு என்று சகோதரர்கள் கேட்கலாம். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் நடத்துகிற சமுதாயம் நாம். ஆபத்து என்றால் ஓடி வருகிற இளைஞர்களைப் பெற்ற சமுதாயமும் நாம். இந்த இரண்டையும் இணைப்பது எப்படி என்று நாம் இன்னும் முறையாக யோசிக்கவில்லை. யோசித்தவர்கள் எங்கே வென்றார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பதைத் தெரிந்து கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

75 மணி நேரம்

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை ஒட்டிய மாநிலம் மேரிலாந்து. பள்ளிகள் சமூக சேவையை ஒரு விருப்பப் பாடமாக வைக்க வேண்டும் என்று 1985-ல் அங்கே முடிவு செய்தார்கள். விருப்பம் என்று விட்டால் எத்தனை பேர் வருவார்கள்? ஏற்கனவே ஆர்வம் உள்ள சிலர் வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை.

1992-ல் மாநிலக் கல்வி வாரியம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டுமானால் ஒவ்வொரு மாணவனும் 75 மணி நேரம் சேவை செய்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக அந்தந்த மாவட்டம் வகுத்து மாநிலம் ஏற்றுக் கொண்ட திட்டத்தை முடித்திருக்க வேண்டும் என்று விதி செய்தது. 1997-ல் பள்ளியை முடித்த மாணவர்கள்தான் இந்த விதிக்கு உட்பட்ட முதல் அணி. மாநிலம் முழுவதற்கும் இப்படி ஒரு நிபந்தனை விதித்த முதல் அமெரிக்க மாநிலம் மேரிலாந்துதான். இந்த முயற்சியில் முன்னின்றவர்களில் ஒருவர் காத்லீன் கென்னடி டவுன்சென்ட். கொலையுண்ட ராபர்ட் கென்னடியின் மகள். பிற்பாடு அந்த மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர்.

75 மணி நேரம் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. நடுநிலை வகுப்புகளில் தொடங்கிப் பல ஆண்டுகளில் முடித்தால் போதும். முதியோர் இல்லம், மருத்துவமனை, நூலகம், ஏழைகளுக்கான உணவுக் கூடம், ஓடைக்கரையில் மரம் நடுவது என்று பணிகள் பலவிதம். கூலி வாங்கக் கூடாது. மாண்ட்கமரி போன்ற மாவட்டங்களில் இலாபம் தேடும் கம்பெனிக்கு ஓசியில் உழைத்தால் அது கணக்கில் சேராது. வழிபாட்டுத் தலங்கள் நடத்தும் தொண்டிலும் மாணவன் பங்கு பெறலாம், ஆனால் அந்தப் பணி மதப் பிரச்சாரமாக இருக்கக் கூடாது.

"இது அடிமைத்தனம்!"

எதிர்ப்பு வந்தது. சாதாரண எதிர்ப்பு அல்ல, அரசியல் சட்டத்தையே கையில் எடுத்துக் கொண்டு வந்தது!

முதல் பெரிய வழக்கு பென்சில்வேனியா மாநிலத்தின் பெத்லகேம் நகரில் எழுந்தது. அந்த ஊர்ப் பள்ளி நிர்வாகம் 1990-ல் 60 மணி நேர சேவையைக் கட்டாயமாக்கியது. அதை எதிர்த்துச் சில மாணவர்களும் பெற்றோர்களும் நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் சேவையை வெறுத்தவர்கள் அல்லர். தாமாக முன்வந்து தொண்டு செய்தவர்கள். "நாங்களாகச் செய்வது வேறு, நீங்கள் செய்யச் சொல்லி மிரட்டுவது வேறு" என்பது அவர்களுடைய வாதம்.

அவர்கள் காட்டிய சட்டம் என்ன தெரியுமா? அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-வது திருத்தம். கறுப்பின மக்களை விலங்கிட்டு வைத்திருந்த அடிமை முறையை ஒழித்து, 1865-ல் கொண்டு வரப்பட்ட திருத்தம். ஒருவனுடைய விருப்பத்துக்கு மாறாக அவனை ஊழியம் செய்ய வைக்கக் கூடாது என்கிறது அது. கூடவே பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தையும் காட்டினார்கள். பிறர் நலம் பேணுவதே உயர்ந்தது என்ற ஒரு கருத்தை மாணவன் ஏற்றுக் கொண்டதாகக் காட்டச் சொல்லிக் கட்டாயப்படுத்துகிறீர்கள் என்றார்கள்.

1993-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வாதங்களையும் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை விசாரணைக்கு எடுக்க மறுத்து விட்டது. அடுத்து நியூயார்க் மாநிலத்தின் ரை நெக் பள்ளி வட்டாரத்தில் 40 மணி நேரத்தை எதிர்த்து ஒரு வழக்கு. வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் 50 மணி நேரத்தை எதிர்த்து மற்றொரு வழக்கு. இரண்டுமே 1996-ல் மேல்முறையீட்டில் தோற்றன. பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது எங்கள் உரிமை என்று பெற்றோர்கள் வாதாடினார்கள். அந்த உரிமை உண்டு, ஆனால் பள்ளி எதைக் கற்பிக்கலாம் என்பதை முடிவு செய்ய நிர்வாகத்துக்கும் நியாயமான அதிகாரம் உண்டு என்பதே தீர்ப்புகளின் சாரம்.

ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மேரிலாந்து ஒரு காலத்தில் அடிமை மாநிலம். அடிமை விடுதலைக்குப் போராடிய பிரெடரிக் டக்ளஸ் பிறந்த மண் அது. தப்பி ஓடித் திரும்பி வந்து மற்ற அடிமைகளை மீட்டுச் சென்ற ஹாரியட் டப்மேன் பிறந்த மண்ணும் அதுவே. 1864 நவம்பரில்தான் அந்த மாநிலம் அடிமை முறையைக் கைவிட்டது. சாட்டை அடியும் சந்தை விற்பனையும் எங்கே? பல ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் 75 மணி நேரம் எங்கே? ஒரு பெயரைத் தகுதியில்லாத இடத்தில் ஒட்டினால், உண்மையாகவே அந்தக் கொடுமையை அனுபவித்தவர்களின் கண்ணீர் மலிவாகி விடும். இதை நீதிமன்றங்கள் சரியாகவே புரிந்து கொண்டன.

சட்டம் ஜெயித்தது... சேவை ஜெயித்ததா?

நீதிமன்றம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: இது சட்ட விரோதம் அல்ல. இது பயன் தருமா என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சொல்வது அதன் வேலையும் அல்ல. நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்த இரண்டாவது கேள்விதான்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1999-ல் 40 மணி நேர சமூகப் பணியைக் கட்டாயமாக்கியது. அங்கே எதிர்பாராமல் ஒரு சோதனைக்கூடம் அமைந்தது. பள்ளிப் படிப்பில் ஓராண்டைக் குறைத்ததால் 2003-ல் இரண்டு அணி மாணவர்கள் ஒரே சமயத்தில் பள்ளியை முடித்தார்கள். பழைய பாடத்திட்ட அணிக்குச் சேவைக் கட்டாயம் கிடையாது, புதிய அணிக்கு உண்டு. இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள். கட்டாயம் இருந்தது என்பதால் மட்டும் பிற்காலப் பொதுநல ஈடுபாட்டில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஒரே இடத்தில் நீண்ட நாள் தொடர்ந்து பணி செய்து, அதில் நல்ல அனுபவம் பெற்றவர்களிடம்தான் பலன் தெரிந்தது.

மேரிலாந்தைப் பற்றி 2013-ல் வெளியான ஒரு பொருளாதார ஆய்வு இன்னும் கூர்மையானது. அந்த விதியால் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் சேவை கூடியது. பள்ளியை முடிக்கும் நிலையில் இருந்த மூத்த மாணவர்களிடமோ குறைந்தது! மணிக்கணக்கைச் சிறு வயதிலேயே முடித்து விட்டவர்கள், "கடன் தீர்ந்தது" என்று கையைத் தட்டி விட்டுப் போனார்கள் என்றே கருத இடமிருக்கிறது.

வியாபாரப் பெருமக்களுக்கு இது எளிதில் விளங்கும். கணக்குப் புத்தகத்தில் பாக்கி இருக்கும் வரைதான் வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவார் என்றால், அது உறவல்ல, கடன். கடன் தீர்ந்த மறுநாளும் அவர் உங்கள் கடைக்கு வந்தால்தான் அது உறவு. சேவையும் அப்படித்தான். 76-வது மணி நேரம் ஒன்று உண்டா இல்லையா என்பதில்தான் திட்டத்தின் வெற்றி இருக்கிறது.

குப்பை பொறுக்குவதும் பாடம் படிப்பதும்

அப்படியானால் கட்டாயம் வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்து விடலாமா? கூடாது.

மேரிலாந்து விதியை உற்றுப் பார்த்தால் அதில் வெறும் சேவை என்று இல்லை, சேவை வழிக் கல்வி என்று இருக்கிறது. அதற்கு மூன்று பகுதிகள்: முன் தயாரிப்பு, செயல், பின் சிந்தனை. மூன்றும் இருந்தால்தான் அது முழுமை பெறும்.

ஓர் உதாரணம். ஆற்றங்கரைக்கு மாணவர்களை அழைத்துப் போய் இரண்டு மணி நேரம் குப்பை பொறுக்க வைத்துத் திருப்பி அனுப்பினால் அது சேவை, நல்ல காரியம்தான். அதே மாணவர்கள் அந்தத் தண்ணீரை எடுத்து வந்து அறிவியல் கூடத்தில் சோதித்து, எந்தக் கழிவு எங்கிருந்து கலக்கிறது என்று கண்டுபிடித்து, அதைப் பஞ்சாயத்துக்கு எழுதி அனுப்பி, என்ன பதில் வந்தது என்று வகுப்பில் விவாதித்தால் அது சேவை வழிக் கல்வி. முதல் வகையில் குப்பை போகும், அடுத்த மாதம் மீண்டும் வரும். இரண்டாவது வகையில் குப்பை ஏன் வருகிறது என்று கேட்கத் தெரிந்த ஒரு குடிமகன் உருவாகிறான்.

மேரிலாந்தில் செசபீக் என்ற பெரிய விரிகுடா இருக்கிறது. மீனுக்கும் நண்டுக்கும் பேர் போனது. கழிவு கலந்து அதன் அடியில் வளரும் நீர்ப்புற்கள் அழிந்தன, அந்தப் புல்லில் ஒதுங்கி வளரும் மீன்குஞ்சுகளும் நண்டுகளும் குறைந்தன. அங்கே பள்ளி மாணவர்கள் அந்தப் புல்லை வகுப்பறைத் தொட்டியிலேயே வளர்த்து, பிறகு கொண்டு போய் நீரில் நடுகிறார்கள். புல் நட்டவனுக்கு உயிரியலும் தெரிகிறது, மீனவன் கஷ்டமும் தெரிகிறது. இப்படிச் செய்பவனுக்கு மணி பார்க்கத் தோன்றுமா?

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், "நீயே போய் எங்காவது செய்து விட்டுக் கையெழுத்து வாங்கி வா" என்று மாணவன் தலையில் கட்டினால் அது கையெழுத்து வேட்டையாகி விடும். அறிமுகமானவர் ஒரு தாளில் ஒப்பமிடுவார், செய்யாத வேலை செய்ததாகப் பதிவாகும். நாட்டுக்கு உழைக்கக் கற்றுத் தர வந்த திட்டம் பொய்க் கணக்கு எழுதக் கற்றுத் தரும்!

இதை விடப் பெரிய அநீதி ஒன்றும் இருக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மாலை நேரம் சொந்தம், அழைத்துப் போக வாகனம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு? பள்ளி விட்டதும் கடையில் நிற்கிறான். வீட்டில் பெண் பிள்ளை தம்பி தங்கையைப் பார்த்துக் கொள்கிறாள். அவர்கள் இருவரும் ஏற்கனவே பாரம் சுமக்கிறார்கள். அந்தச் சுமைக்கு மணிக்கணக்கும் இல்லை, சான்றிதழும் இல்லை. அவர்களைப் பார்த்து, "நீ இன்னும் சேவை செய்யவில்லை" என்று சொல்வது நியாயமா?

ஆகவே நம் கருத்து இதுதான். மாணவனைக் கட்டாயப்படுத்தும் முன் பள்ளியைக் கட்டாயப்படுத்துங்கள்! பணியைத் தேடித் தருவது, பள்ளி நேரத்திலேயே அதற்கு இடம் ஒதுக்குவது, பாடத்தோடு இணைப்பது, ஆசிரியர் கூட நிற்பது ஆகிய நான்கும் பள்ளியின் கடமை. இந்த நான்கையும் செய்யும் பள்ளிக்கு மாணவனிடம் கேட்கும் உரிமை உண்டு. செய்யாத பள்ளிக்கு அந்த உரிமை கிடையாது.

கட்டாயம் என்றாலே கெட்டதா?

"கட்டாயப்படுத்தினால் அது தர்மமே அல்ல" என்று சிலர் வாதிடுகிறார்கள். இந்த வாதம் நம்மிடம் எடுபடாது. ஜகாத்தை விருப்பத்துக்கு விட்டுவிடாமல் கடமையாகப் பெற்ற சமுதாயம் நாம். ஏழையின் பங்கு பணக்காரனின் மனநிலையைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது என்பது அதன் நியாயம். ஆனால் ஜகாத்தோடு நின்று விடாமல் ஸதகா என்ற விசாலமான வாசலும் நமக்குத் திறந்திருக்கிறது. கடமை என்பது குறைந்தபட்ச எல்லை, அதற்கு மேல் மனம் விரும்பிச் செய்வதற்கு எல்லையே இல்லை. கடமையும் விருப்பமும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. ஒன்று படி, மற்றொன்று வீடு. படியிலேயே உட்கார்ந்து விட்டவன்தான் பரிதாபத்துக்குரியவன்.

நம் பக்கம் பார்ப்போம்

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு ஆரம்பித்து, பிற்பாடு மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வந்தது. இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் அளவுகோல். மேரிலாந்து கேட்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல்! ஆனால் இது விருப்பமுள்ளவர்களுக்கு. சேராதவன் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் கல்லூரிப் படிப்பில் சமூகப் பணிக்கு மதிப்பெண் சேர வேண்டும் என்று பேசுகிறது. எனவே இன்று இல்லாவிட்டால் நாளை இந்த விவாதம் நம் வாசலுக்கு வரத்தான் போகிறது.

வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919-ல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951-ல் எழுந்தது. தோலும் துணியும் விற்ற வியாபாரிகள் தங்கள் இலாபத்தில் கல்விக்குப் பங்கு வைத்த பரம்பரை நமக்கு உண்டு. அந்தக் கொடையாளர்கள் செய்தது என்ன? ஊருக்கான சேவைதானே! சேவையால் எழுந்த வகுப்பறையில் படிக்கும் பிள்ளைக்குச் சேவை ஒரு பாடமாக இல்லை என்றால் அது யார் குறை?

2004-ல் சுனாமி வந்தது. 2015-ல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. 2020-லும் 2021-லும் கொரோனா பயத்தில் சொந்தங்களே உடலைத் தொடத் தயங்கின. இந்த நேரங்களில் எல்லாம் நம் இளைஞர்கள் மதம் பார்க்காமல் களத்தில் நின்றார்கள். உணவு சுமந்தார்கள், உடல்களைச் சுமந்தார்கள். இதை நாடு பார்த்தது. ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு? அந்த இளைஞன் பழையபடி தெருமுனைக்குத் திரும்பி விடுகிறான். ஆபத்தில் எழும் வேகத்தை அன்றாடப் பழக்கமாக மாற்ற நம்மிடம் ஓர் ஏற்பாடு இல்லை. அந்த ஏற்பாடு பள்ளிக்கூடத்தில்தான் தொடங்க வேண்டும்.

அரசு சட்டம் போடட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நம்மவர்கள் நிர்வாகக் குழுவில் இருக்கும் பள்ளிகளில் வரும் கல்வி ஆண்டிலேயே தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்பிலும் பதினொன்றாம் வகுப்பிலும் வாரத்துக்கு ஒரு பாட வேளை ஒதுக்குங்கள். பொதுத் தேர்வு வகுப்புகளை விட்டு விடுங்கள். ஆண்டு முழுவதும் ஒரே பணி, ஒரே இடம் என்று வையுங்கள். அரசு மருத்துவமனையில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்பவருக்கு எழுதிக் கொடுப்பது, முதியவர்களுக்கு ஓய்வூதிய மனு எழுதித் தருவது, ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தை மாதந்தோறும் குறித்து வைப்பது, கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தருவது. இவற்றில் எதற்கும் பெரிய செலவு கிடையாது. எல்லா மதத்து மக்களுக்குமான பணியாக இருக்கட்டும். செய்து முடித்தபின் மாணவன் தன் கைப்பட இரண்டு பக்கம் எழுதட்டும்: என்ன பார்த்தேன், ஏன் இப்படி இருக்கிறது, யார் மாற்ற வேண்டும்? அந்த இரண்டு பக்கம்தான் பரீட்சை!

வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் திட்டத்தின் பெயரால் உங்கள் கடைக்கு இலவச ஆள் எதிர்பார்க்காதீர்கள். மாறாக, மாலையில் உங்கள் கடையில் நிற்கும் பதினாறு, பதினேழு வயதுப் பையனுக்கு வாரம் இரண்டு மணி நேரம் சம்பளப் பிடித்தம் இல்லாமல் விடுப்புக் கொடுங்கள். அவனும் தன் ஊருக்கு ஏதாவது செய்தவன் என்ற பெருமையோடு வளரட்டும். பணம் கொடுப்பதை விட இது பெரிய கொடை.

இளைஞர்களே! யாராவது மணி குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்று காத்திராதீர்கள். உங்கள் தெருவில் படிக்கத் தெரியாமல் ஒரு கடிதத்தைக் கையில் வைத்துக் கொண்டு நிற்கும் ஒரு மூதாட்டி இருக்கிறார். நாளைக்கே போய் அதைப் படித்துக் காட்டுங்கள். மேரிலாந்து மாணவன் 75 மணி நேரத்தில் கற்றுக் கொள்ள வேண்டியதன் முதல் பாடம் அதுதான்.